பி.காம். அக்காவும் பிளஸ் டூ தங்கையும்: கிராமத்தில் இருந்துகொண்டு ஆசிரியர் ஆவது எப்படி?

கேள்வி இது: "அரூரிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். நான் பி.காம்., வயது 27, ஒன்றரை வயதில் குழந்தை. இல்லம் தேடிக் கல்வியில் இரண்டு வருடம் மாலை வகுப்பு எடுத்தேன். தங்கை இந்த வருடம் பயாலஜி குரூப்பில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இரண்டு பேருக்கும் டீச்சர் வேலைதான் ஆசை. கேட்கிறவர்கள் எல்லாரும் 'முதலில் பி.எட். போடு' என்கிறார்கள். தருமபுரியில் ஒருவர், கல்லூரிக்கு வராமலே முடித்துத் தருகிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?"

'முதலில் பி.எட். போடு' என்று சொன்னவர்கள் யாரும் உங்கள் பட்டம் என்ன என்று கேட்கவில்லை போலிருக்கிறது. பி.காம். பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் பி.எட். சேரவே முடியாதும்மா. வணிகவியல், பொருளியல் போன்ற பாடங்களுக்கு முதுகலை முடித்திருந்தால்தான் விண்ணப்பமே வாங்குவார்கள். காரணம் எளிது. பத்தாம் வகுப்பு வரை வணிகவியல் பாடமே கிடையாது; பிளஸ் ஒன்னில்தான் தொடங்குகிறது. பிளஸ் ஒன், பிளஸ் டூ எடுக்க முதுகலைப் பட்டம் வேண்டும். பாடமே இல்லாத வகுப்புக்கு எப்படி ஆசிரியர் போடுவார்கள்?

இடைநிலை ஆசிரியராகச் சேர்ந்து, பிறகு ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் விரிவுரையாளராக ஓய்வு பெற்றவன் நான். இத்தனை வருடத்தில் நான் பார்த்த வீண் செலவுகளில் முக்கால்வாசி இப்படி வந்ததுதான்: படிப்பை முதலில் முடித்துவிட்டு, அதற்கு எந்த வேலை பொருந்தும் என்று பிறகு தேடுவது. தலைகீழாகச் செய்யுங்கள். எந்த வகுப்பில் போய் நிற்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவு பண்ணிவிட்டு, அங்கிருந்து பின்னால் நடந்து வாருங்கள்.

அரசுப் பள்ளியில் மூன்று படிகள். ஒன்று முதல் ஐந்து வரை இடைநிலை ஆசிரியர். ஆறு முதல் பத்து வரை பட்டதாரி ஆசிரியர். பதினொன்று, பன்னிரண்டுக்கு முதுகலை ஆசிரியர். முதல் படிக்கு பிளஸ் டூவும் இரண்டு வருடத் தொடக்கக் கல்விப் பட்டயமும் வேண்டும். ஊரில் இன்னும் டீச்சர் டிரெயினிங் என்று சொல்வது இதைத்தான், காகிதத்தில் டி.எல்.எட். இரண்டாம் படிக்குப் பாடத்தில் பட்டமும் பி.எட்.டும். மூன்றாம் படிக்கு அதே பாடத்தில் இளங்கலை, முதுகலை இரண்டும், கூடவே பி.எட். முதல் இரண்டு படிக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், தேறியிருக்க வேண்டும். முதுகலை ஆசிரியருக்கு டெட் கிடையாது. நேராக ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வுதான்.

மேல்படிக்குப் படித்தவர் கீழ்படிக்குத் தானாகவே தகுதி என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. அது போய்விட்டது. பி.எட். படித்தவர்களும் தொடக்க வகுப்புகளுக்கு வரலாம் என்று 2018-இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் திறந்த கதவை, 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மூடிவிட்டது. ஆறு வயதுக் குழந்தைக்கு எழுத்துக் கூட்டச் சொல்லித்தருவது தனி வித்தை, அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதுதான் தீர்ப்பின் சாரம். எனக்கு அதில் முழு உடன்பாடு. ஒன்றாம் வகுப்பில் ஒரு மாதம் நின்று பார்த்தவர் யாரும் மறுக்க மாட்டார்கள்.

இப்போது உங்கள் விஷயம். இரண்டு வழி இருக்கிறது, இரண்டும் உண்மையான வழிதான்.

முதல் வழி: எம்.காம்., பிறகு பி.எட்., பிறகு முதுகலை ஆசிரியர் தேர்வு. எம்.காம்.மை பல்கலைக்கழக மானியக் குழு அங்கீகாரம் உள்ள தொலைநிலைக் கல்வியில் படிக்கலாம். இரண்டு வருடம் வீட்டிலிருந்தே ஓடிவிடும், குழந்தையும் அங்கன்வாடிக்குப் போகிற வயதுக்கு வந்துவிடும். முதுகலையில் ஐம்பது சதவீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தவறை மட்டும் செய்யாதீர்கள்: எம்.காம். கஷ்டம், எம்.ஏ. தமிழ் சுலபம் என்று தாவிவிடாதீர்கள். இளங்கலை ஒரு பாடம், முதுகலை வேறு பாடம் என்றால் சான்றிதழ் சரிபார்ப்பு மேசையில் கதை முடிந்துவிடும். தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, இந்த ஒரே காரணத்தால் அந்த மேசையிலிருந்து அழுதுகொண்டே எழுந்து வந்த பெண்ணை எனக்குத் தெரியும்.

எம்.காம். முடிந்ததும் பி.எட். இரண்டு வருடம். 2015-க்கு முன்னால் ஒரு வருடமாக இருந்தது. இதைக் கல்லூரிக்குப் போய்த்தான் படிக்க வேண்டும். மாநிலத்தில் அரசு கல்வியியல் கல்லூரிகள் ஏழுதான்; உதவி பெறும் கல்லூரிகள் பதினான்கு. எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் இடங்களைச் சற்றுத் தாண்டும். உங்களுக்குப் பக்கம் என்றால் வேலூரும் குமாரபாளையமும். இரண்டுமே தினம் போய்வரும் தூரமில்லை, விடுதியில் தங்கித்தான் ஆக வேண்டும். கைக்குழந்தையோடு அது முடியாத காரியம், அதனால்தான் எம்.காம்.மை முதலில் வைக்கச் சொல்கிறேன். குழந்தை நான்கு வயதைத் தொடும்போது உங்கள் அம்மாவோ மாமியாரோ பார்த்துக்கொள்வார்களா என்று இப்போதே வீட்டில் பேசிவையுங்கள். பாடத்திட்டத்தை விட இந்தப் பேச்சுதான் முக்கியம். பாதியில் நின்றுபோன மாணவிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களில் படிப்பு வராமல் நின்றவர்கள் குறைவு.

வயதைப் பற்றிக் கவலை வேண்டாம். நேரடி நியமன வயது வரம்பை 2023-இல் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்திவிட்டார்கள். முப்பத்திரண்டில் நீங்கள் தேர்வு எழுதினாலும் அந்தக் கூடத்தில் இளையவராகத்தான் இருப்பீர்கள்.

தேர்வு 150 மதிப்பெண்ணுக்கு. அதில் 110 உங்கள் பாடம், 30 கல்வியியல், 10 பொது அறிவு. அதற்கு முன்னால் ஒரு வாசற்படி இருக்கிறது: தமிழ்த் தகுதித் தாள், 50-க்கு 20 எடுத்தால்தான் மற்ற விடைத்தாளையே திருத்துவார்கள். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களே அலட்சியத்தால் இதில் விழுகிறார்கள். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்து வையுங்கள். 2025-இல் வந்த முதுகலை ஆசிரியர் அறிவிக்கையில் எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து 1,996 இடங்கள். அடுத்தது எப்போது வரும் என்று யாராவது தேதி சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது வழி டி.எல்.எட். உங்கள் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துச் சேரலாம். ஐம்பது சதவீதம் வேண்டும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்குத் தளர்வு உண்டு. சேர்க்கைக்கு வயது வரம்பும் உண்டு, முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். இந்த வழியைச் சொல்ல ஒரே காரணம் உங்கள் மாலை வகுப்பு. அங்கே உட்கார்ந்திருந்தது யார்? இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளா, எட்டாம் வகுப்பா? சின்னப் பிள்ளைகள் உங்கள் மடியில் ஏறி உட்கார்ந்து படித்த நாள்தான் உங்களை இந்தக் கேள்வி கேட்க வைத்தது என்றால், பேரேடும் இருப்புநிலைக் குறிப்பும் நடத்துகிற வேலை உங்களுக்குச் சலித்துவிடும். அது உங்களுக்குத்தான் தெரியும்.

ஆனால் இடைநிலை ஆசிரியர் வழியின் நிலவரத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்கு வந்த காலத்தில் பயிற்சி முடித்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் பதிவு மூப்பில் ஒரு நாள் அழைப்பு அட்டை வரும். கல்வி உரிமைச் சட்டத்தை ஒட்டி டெட் வந்தபின் அது மாறியது. 2012 ஜூலையில் நடந்த முதல் டெட்டை ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதி, 2,448 பேர்தான் தேறினார்கள். அந்த வாரம் எங்கள் நிறுவன வளாகமே சாவு வீடு மாதிரி இருந்தது. பிறகு 2018-இல் ஓர் அரசாணை: டெட் தேறினால் தகுதிதான், வேலைக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்று. அந்தப் போட்டித் தேர்வு இடைநிலை ஆசிரியர்களுக்கு நடந்தது 2024 ஜூலையில்தான். முதலில் 1,768 இடங்கள் என்று அறிவித்து, பிறகு 2,768 ஆக்கினார்கள். நடுவில் கிட்டத்தட்ட பத்து வருடம் நியமனமே இல்லை. அந்த இடைவெளியில் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் எத்தனையோ மாணவர் இல்லாமல் மூடின.

இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. பயிற்சி நிறுவனங்கள் காலியானதால், இன்று டி.எல்.எட். படித்து டெட்டும் தேறியவர்களின் கூட்டம் பி.எட். கூட்டத்தை விட மிகச் சிறியது. 2022 டெட்டில், இடைநிலை ஆசிரியருக்கான முதல் தாளில் தேறியவர்கள் இருபத்தோராயிரம் சொச்சம். எல்லாரும் ஒரே பக்கம் ஓடும்போது எதிர்ப்பக்கம் கொஞ்சம் இடம் கிடைக்கும் என்பது என் கணக்கு. தங்கைக்கு நான் சொல்லப்போவதும் இதை வைத்துத்தான்.

தங்கைக்குப் பதினேழு, பதினெட்டு வயது. அவளுக்கு மூன்று பாதை திறந்திருக்கிறது.

நான்கு வருடத்தில் பட்டமும் பி.எட்.டும் சேர்ந்தே முடிகிற ஒருங்கிணைந்த படிப்பு ஒன்று. மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் அறுபதுகளிலிருந்து தென் மாநிலப் பிள்ளைகளுக்கு நடத்திவருகிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. தனி நுழைவுத் தேர்வு; தமிழிலும் எழுதலாம். கிராமத்துப் பள்ளியிலிருந்து இதற்கு விண்ணப்பிப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான், ஏனென்றால் பள்ளியில் யாரும் சொல்வதில்லை. நீட், ஜேஇஇ பற்றிப் பேசுகிற அளவில் பத்தில் ஒரு பங்கு இதைப் பற்றிப் பேசினால்கூட நன்றாக இருக்கும். விண்ணப்ப நாள் கடந்திருந்தால் ஒரு வருடத்தை இதற்காக வீணாக்க வேண்டாம்.

இரண்டாவது, எல்லாரும் போகிற பாதை: பி.எஸ்சி. முடித்து பி.எட். இதில் பட்டத்தின் பெயரில்தான் கண் இருக்க வேண்டும். பள்ளியில் இருக்கும் பட்டதாரி ஆசிரியர் பணியிடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல். அவள் தாவரவியலோ விலங்கியலோ எடுத்தால் பிரச்சினை இல்லை. மைக்ரோபயாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பயோடெக்னாலஜி என்று பெயர் மாறினால் இணைத்தன்மைக் கேள்வி வந்துவிடும். அது எந்தப் பட்டத்துக்கு இணை என்று அரசாணையைத் தேடி அலைய வேண்டும். ஆசிரியர் வேலைதான் குறி என்றால் பழைய பெயர் உள்ள பட்டமே பாதுகாப்பு. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் ஏறும். அரூர் பஸ் கட்டணத்துக்கும் நோட்டுக்கும் அது போதும், வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை.

இந்தப் பாதையில் டெட் இரண்டாம் தாள் வரும். அதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது. 150-இல் குழந்தை மேம்பாடு 30, தமிழ் 30, ஆங்கிலம் 30. மிச்சம் 60-க்குக் கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல். தாவரவியல் படித்தவள் கணிதத்தையும் கட்டி இழுக்க வேண்டும். தமிழ் இலக்கியம் படித்தவர் நிலை இன்னும் மோசம். சங்க இலக்கியத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து, சமூக அறிவியலில் 60 மதிப்பெண்ணுக்கு விடை தேட வேண்டும். 2022 இரண்டாம் தாளில் தேறியவர்கள் ஆறு சதவீதம் அளவுதான் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். தேர்ச்சிக்கு 150-இல் 90. 2014-இல் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 82 ஆக்கினார்கள். அரசு இந்த வரம்பை அவ்வப்போது மாற்றும், எழுதுகிற வருடத்து அறிவிக்கையைத்தான் பார்க்க வேண்டும். ஒரு நல்ல செய்தி, சான்றிதழ் முன்பு ஏழு வருடத்தில் காலாவதியாகும். 2021-இல் அதை ஆயுள் முழுவதுக்கும் ஆக்கிவிட்டார்கள். ஒரு முறை தேறினால் போதும். ஆனால் தேர்வு அடிக்கடி வருவதில்லை: 2013, 2017, 2019, 2022, 2025. ஆகவே தகுதி வந்த முதல் தடவையே எழுதிவிட வேண்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது மூன்று வருடம்.

மூன்றாவது பாதையை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள், எனக்கோ இதுதான் மனதுக்கு நெருக்கம். இப்போதே டி.எல்.எட். சேர்ந்து இருபது வயதில் கையில் பட்டயத்தோடு நிற்பது. டெட் முதல் தாளை உடனே எழுதலாம். அதன்பின் தொலைநிலையில் பட்டம். பட்டம் வந்தபின் தொலைநிலையிலேயே பி.எட். மற்றவர்களுக்கு இல்லாத சலுகை இது: இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் உள்ள தொலைநிலை பி.எட். ஏற்கெனவே நேரடி வகுப்பில் ஆசிரியர் பயிற்சி முடித்தவர்களுக்கும் பணியில் உள்ள பயிற்சி பெற்ற ஆசிரியர்களுக்கும்தான். சேரும் முன் அந்தந்த வருட விவரக் குறிப்பேட்டைப் படித்துவிட வேண்டும். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்தாலும் படிப்பு நிற்காது. கஷ்டம் என்னவென்றால் காலம் நீளும், பட்டம் வரும்வரை ஊரில் 'டிரெயினிங்தானே' என்று இளக்காரமாகப் பேசுவார்கள். பேசட்டும்.

நான் சேர்ந்தது ஓர் ஈராசிரியர் பள்ளி. தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போன நாளில் ஐந்து வகுப்பும் என் கையில். ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்து நடத்தும் கலையைக் கற்றுத்தருவது இந்தப் பட்டயப் பயிற்சி மட்டுமே, பி.எட்.டில் அது கிடையாது. எங்கள் ஒன்றியப் பள்ளிகளில் பாதி இன்றும் அப்படித்தான் ஓடுகின்றன. உள்ளூர்ப் பெண் ஒருத்தி அந்த அறையில் நிற்கும்போது பிள்ளைகளின் பேச்சு அவளுக்குப் புரியும். 'மேஞ்சுட்டு வந்தேன் டீச்சர்' என்றால் ஆடு மேய்த்துவிட்டுத் தாமதமாக வந்திருக்கிறான் என்று அவளுக்கு விளங்கும், அடிக்கக் கை ஓங்க மாட்டாள். சித்தேரி மலைப் பக்கம் இது இன்னும் அதிகம். அங்கே பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. உங்கள் உறவில் யாராவது பழங்குடியினர் சான்றிதழ் உள்ளவர்கள் ஆசிரியர் பயிற்சி முடித்திருந்தால் அந்தப் பள்ளிகளின் காலியிடங்களைத் தனியாகக் கவனிக்கச் சொல்லுங்கள்.

தருமபுரிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். 'வராமலே பி.எட்.' என்பது சட்டத்தில் இல்லாத பொருள். இரண்டு வருடத்தில் இருபது வாரம் பள்ளியில் நின்று பாடம் நடத்த வேண்டும் என்று விதி. அந்த இருபது வாரத்தைத் திருடிக்கொண்டுதான் அவர் உங்களுக்குச் சலுகை தருகிறார். பணமும் அதிகம் வாங்குவார். வெளிமாநிலப் பட்டம் என்றால் அங்கீகாரம் இருக்கிறதா என்றே தெரியாது. சரிபார்ப்பில் வருகைப் பதிவேடு வரை கேட்டால் நீங்கள்தான் மாட்டுவீர்கள், அவர் போன் எடுக்க மாட்டார். அதைவிடப் பெரிய இழப்பு, முதல் நாள் நாற்பது பிள்ளைகள் முன்னால் கைநடுங்கி நிற்பது. கல்லூரியின் பெயர் ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், அவர் காட்டும் ஜெராக்ஸை நம்பாதீர்கள்.

காத்திருக்கும் வருடங்களில் சோறு எங்கிருந்து வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். பக்கத்து மெட்ரிக் பள்ளியில் சேரலாம். சம்பளம் நூறுநாள் வேலைக்குப் போகிறவர் கேலி செய்கிற அளவுதான். அதைவிட, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுக்கும் தற்காலிகப் பணி மேல். 2022-இல் இடைநிலைக்கு 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 ரூபாய் என்று தொகுப்பூதியம் வைத்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை. நிரந்தரம் ஆகும் என்ற எதிர்பார்ப்போடு மட்டும் போகாதீர்கள். ஆகாது. சாக்பீஸ் பிடித்த கை காய்ந்துபோகாமல் இருக்க அது உதவும்.

நீங்கள் இருவரும் தமிழ்வழியில் படித்தவர்கள் என்றால் இருபது சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2020-இல் சட்டத்தைத் திருத்தியபின் ஒன்றாம் வகுப்பிலிருந்து கடைசிப் பட்டம் வரை எல்லாவற்றுக்கும் தமிழ்வழிச் சான்று கேட்கிறார்கள். பி.எட்.டில் சேரும்போது ஆங்கிலவழி என்று தெரியாமல் டிக் அடித்து இதை இழந்தவர்கள் உண்டு. சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில்தான் இருக்க வேண்டும், கல்யாணம் ஆனாலும் கணவர் பெயரில் மாற்றாதீர்கள். எல்லாச் சான்றிதழிலும் ஒரே இனிஷியல், ஒரே எழுத்துக்கூட்டலா என்று பாருங்கள். இவற்றில் முதலில் செய்ய வேண்டியது தமிழ்வழிச் சான்று: ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளிக்கு இந்த மாதமே ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பழைய சேர்க்கைப் பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டது என்று பத்து வருடம் கழித்துச் சொன்னால் யாரிடம் போய் நிற்பீர்கள்?